ஸலாம் சொல்லாமல் நுழைதல்

கதியால் என்ற சொல்லைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி ஒரு பொலிஸ் நிலையத்தின் வாங்கிலே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தவன் நான். அது 2014ஆம் ஆண்டின் மாரி காலம். எங்கள் பாடசாலையில் ஆறாம் வகுப்புப் படித்த ஒரு பிள்ளையின் அம்மம்மா விடியற்காலையில் என் படலையடியில் வந்து நின்றா. "மாஸ்டர், நான் வேலியைத்தான் சொன்னனான். அவங்கள் பொடியனைக் கொண்டுபோய் அடைச்சுப் போட்டாங்கள்" என்று அழுதா.

நடந்தது பெரிய விடயமல்ல. பக்கத்து வளவுக்காரருக்கும் இவவுக்கும் நெடுநாளாக எல்லைத் தகராறு. இவ நட்ட கதியால்கள் இரண்டை அந்த வீட்டு இளைஞன் பிடுங்கி அப்பால் எறிந்துவிட்டான். யாழ்ப்பாணத்து வேலிச் சண்டை எத்தனை தலைமுறைக்கு இழுபடும் என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும். கிழவி நேரே பொலிஸுக்குப் போய்விட்டா. முறைப்பாடு எழுத இருந்த கான்ஸ்டபிளுக்குத் தமிழ் அரைகுறை. "தடி" விளங்கியது, "எறிஞ்சான்" விளங்கியது, வேலி விளங்கவில்லை. ஆகவே, முறைப்பாட்டாளர்மீது தடியொன்றை எறிந்து தாக்கினார் என்று அவர் சிங்களத்தில் எழுதினார். அதற்குக் கீழே கிழவி தமிழில் கையெழுத்திட்டா. அன்றிரவே இளைஞன் கூட்டுக்குள் போய்விட்டான்.

நான் போய் விளங்கப்படுத்தியதும் பொறுப்பதிகாரி சிரித்தார். மத்தியானத்துக்கு முன் இளைஞனை விட்டுவிட்டார்கள். சிரிக்கக்கூடிய கதைதான். ஆனால் அந்த இளைஞன் வெளியே வந்தபோது அவனுடைய முகத்தை நான் பார்த்தேன். அவனுக்கு அது சிரிப்பாக இருக்கவில்லை.

அதைவிட மனதில் நிற்பது அந்தக் கான்ஸ்டபிள். இருபத்திரண்டு வயதிருக்கும், மொனராகலைப் பக்கத்துப் பிள்ளை. நான் சைக்கிளை எடுக்கும்போது பின்னால் வந்து, வெட்கத்தோடு ஒரு கொப்பியைக் காட்டினான். தமிழ்ச் சொற்களைச் சிங்கள எழுத்தில் எழுதி வைத்திருந்தான். வா. போ. நில்லு. இறங்கு. லைசன்ஸ் எங்கே. அடையாள அட்டை காட்டு. கையெழுத்துப் போடு. பொய் சொல்லாதே. இவ்வளவும்தான் அவனுக்கு எங்கள் மொழி. எல்லாமே ஏவல். என்ன நடந்தது என்று கேட்க அதில் ஒரு வசனம் இல்லை. இருங்கோ என்று சொல்ல ஒரு சொல் இல்லை. பயப்பட வேண்டாம் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று அவனே கேட்டான். சொன்னேன். சுவரில் கொப்பியை வைத்து எழுதிக்கொண்டான்.

பொலிஸாருக்குப் போதிய வசதியும் துணையும் உண்டா என்ற கேள்வி எழும்போதெல்லாம் வாகனம், கமரா, சம்பளம், தங்குமிடம் என்றே பேச்சு போகிறது. அவை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் எனக்கு அந்தக் கொப்பிதான் ஞாபகம் வருகிறது. இடுப்பிலே துப்பாக்கியும் கையிலே எட்டு ஏவல் சொற்களும் கொடுத்து ஒரு பிள்ளையை அந்நிய ஊருக்கு அனுப்பினால், சொல் முடியுமிடத்தில் அவனிடம் எது மிஞ்சியிருக்கும்?

சட்டம் இல்லாமலில்லை. 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. வடக்கு கிழக்கின் நிர்வாக மொழி தமிழ் என்பதும் யாப்பிலேயே இருக்கிறது. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011இல் கொடுத்த அறிக்கை, ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் இருபத்துநான்கு மணிநேரமும் இரு மொழியும் தெரிந்த உத்தியோகத்தர் இருக்கவேண்டும், முறையிடுபவர் தமக்கு விருப்பமான மொழியில் வாக்குமூலம் கொடுக்கும் உரிமை வேண்டும் என்று விதந்துரைத்தது. கதியால் தடியானது அதற்கு மூன்று வருடம் கழித்து.

எனக்குச் சிங்களம் வந்த வழியையும் சொல்லவேண்டும், ஏனென்றால் அதுவும் இந்த விடயத்தைச் சேர்ந்ததே. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை ஜின்னா மைதானத்துக்கு வரச்சொல்லி, இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டுப் போகும்படி புலிகள் கட்டளையிட்டபோது நான் சிறுவன். வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். புத்தளத்து அகதி முகாமிலும் அங்கத்தைய சந்தையிலும் கற்றதே என் சிங்களம். இன்று பொலிஸ் நிலையத்தில் தமிழ்க் கிழவிக்காக மொழிபெயர்க்க அது உதவுகிறது. இதில் எனக்குப் பெருமையுமில்லை, புகாருமில்லை. ஆனால் ஒன்று உண்டு. ஒரு சமூகம் முழுவதும் வீட்டுச் சாவியை ஒப்படைத்துவிட்டு வெளியேறிய அந்த நாளில், முறைப்பாடு எழுதிக்கொள்ள ஒரு பொலிஸ் நிலையம் குடாநாட்டில் எங்களுக்கு இருக்கவில்லை. 1984 நவம்பரில் சாவகச்சேரிப் பொலிஸ் நிலையம் தகர்க்கப்பட்டதை ஊரிலே பலர் கொண்டாடியதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். 1981 ஜூன் முதலாம் திகதி இரவு, தேர்தல் கடமைக்கென வெளியூர்களிலிருந்து கொண்டுவரப்பட்ட பொலிஸார் நகரில் நின்றிருக்க, 97,000 நூல்களோடு நூலகம் எரிந்ததைக் கண்டவர்கள் அவர்கள். காக்கிச் சட்டைக்காரரே கொளுத்தினார்கள் என்று கண்டவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் கொண்டாடியதை நான் குறை கூறமாட்டேன். ஆனால் பொலிஸ் இல்லாத ஊர் எப்படியிருக்கும் என்பதை ஆறு வருடம் கழித்து அறிந்தவர்கள் நாங்கள்.

ஆகவே பொலிஸை வெறுப்பதும் பொலிஸ் வேண்டும் என்பதும் எனக்குள் ஒன்றாகவே இருக்கின்றன.

சிறு வயதில் ஹஸ்ரத் சொன்ன ஒரு சம்பவத்தை நம் வாசகர்கள் எல்லோரும் அறிவார்கள். கலீபா உமர் (ரலி) மதீனாவில் இரவுக் காவலுக்குச் செல்கையில் ஒரு வீட்டுக்குள்ளிருந்து சத்தம் கேட்கிறது. சுவரேறி உள்ளே குதிக்கிறார். அங்கே ஒருவன் மதுவோடு இருக்கிறான். கலீபா அதட்ட, அவனோ நிதானமாகப் பதில் சொல்கிறான்: நான் செய்தது ஒரு குற்றம், நீங்கள் செய்தது மூன்று; துருவித் துருவி ஆராய்வதை அல்லாஹ் தடுத்தான், நீங்கள் ஆராய்ந்தீர்கள்; வாசல் வழியே வரச் சொன்னான், சுவரேறினீர்கள்; ஸலாம் சொல்லி அனுமதி பெற்று நுழையச் சொன்னான், அதையும் செய்யவில்லை. கலீபா திரும்பிப் போய்விடுகிறார். இந்த அறிவிப்பின் தரம் பற்றி ஆலிம்கள் பேசட்டும். இமாம் கஸ்ஸாலி இதை எடுத்தாண்டிருப்பதே எனக்குப் போதும். முஹ்தஸிபின் அதிகாரத்துக்கு எல்லை எது என்பதை நம்முடைய மரபு எவ்வளவு முன்பே யோசித்திருக்கிறது!

முதலிரண்டும் இன்றைய சட்டப் புத்தகத்திலும் இருக்கின்றன. பிடியாணை, தேடுதல் உத்தரவு எல்லாம் அவற்றின் பிள்ளைகள்தான். மூன்றாவதுதான் என்னை நிறுத்தி வைக்கிறது. ஸலாம் சொல்வதற்கு ஒரு மொழி வேண்டும். உள்ளே இருப்பவருக்கு விளங்கும் மொழி. அந்த மொனராகலைப் பிள்ளை எத்தனை ஒழுங்காக வாசல் வழியே வந்தாலும், ஸலாம் சொல்லாமல் நுழைபவனாகவே எங்கள் ஊரில் இருப்பான். அது அவனுடைய குற்றமா?

சக்திக்கு மீறிய சுமை எந்த ஆத்மாவின்மீதும் சுமத்தப்படுவதில்லை என்ற கருத்தோடு சூரத்துல் பகரா முடிகிறது. மொழி கற்பிக்காமல், சட்டம் சரியாகச் சொல்லிக்கொடுக்காமல், துப்புத் துலக்கும் கருவி கொடுக்காமல் அனுப்பிய ஒருவனிடம் நீதியை எதிர்பார்த்தால் பழி அனுப்பியவர்மீதே சேரவேண்டும். இன்றும் நம் பொலிஸின் அடிப்படைச் சட்டம் 1865இன் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம். ஆங்கிலேயன் தான் ஆண்ட மக்களை அடக்கி வைக்க எழுதியது. அதில் திருத்தங்கள் உண்டு, எலும்பு பழையதுதான். மக்களைக் கேட்பதற்கென்று உருவாகாத ஒரு படைக்குக் காது எங்கிருந்து வரும் என்று கேட்கலாம்.

இதுவரை சரி. ஆனால் இந்த வாதத்தை இன்னும் ஒரு அடி கொண்டுபோனால் அது வழுக்குகிறது. 2023 நவம்பரில் வட்டுக்கோட்டைப் பொலிஸாரால் கைதுசெய்யப்பட்ட இளைஞர் ஒருவர் சித்திரவதைக்குள்ளாகி இறந்தார். பொலிஸார் சிலர் கைதாகினர். அப்போது எங்கள் ஆசிரியர் அறையிலே ஒருவர் சொன்னார்: "விரல் அடையாளம், இரசாயனப் பரிசோதனை எண்டு ஒண்டும் கையில இல்லாதவன் அடிச்சுத்தானே கேப்பான்." அவர் நல்ல மனிதர், பொலிஸாருக்கு வக்காலத்து வாங்குபவருமல்ல. ஆனால் அந்த வசனத்தை நான் ஏற்கவில்லை. பொலிஸாரிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் சாதாரண வழக்கிலே சாட்சியாகாது என்று எங்கள் சாட்சியச் சட்டம் சொல்கிறது. சித்திரவதைக்கு ஏழு வருடத்துக்குக் குறையாத சிறை என்று 1994இன் 22ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. ஒரு நன்மையைச் செய்வதற்குக் கருவி வேண்டும், பயிற்சி வேண்டும். ஒருவனைக் கட்டித் தூக்காமல் இருப்பதற்கு என்ன கருவி வேண்டும்? விலகியிருத்தல் எவனுடைய சக்திக்கும் மீறிய சுமையல்ல.

இதை எழுதிவிட்டு, நன்றாகச் சொல்லிவிட்டேன் என்று பேனையை வைத்தேன். பிறகு குளப்பிட்டி நினைவுக்கு வந்தது.

2016 ஒக்டோபர் 20 இரவு, மோட்டார் சைக்கிளில் வந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் இருவர் குளப்பிட்டிச் சந்திக்கருகே இறந்தார்கள். முதலில் விபத்து என்றார்கள். ஒருவரின் உடலில் துப்பாக்கிச் சூட்டுக் காயம் இருந்தது பின்னர் வெளிவந்தது. பொலிஸார் ஐவர் கைதாகினர். இருட்டிலே ஒரு மோட்டார் சைக்கிள் நிற்காமல் போகிறது. துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு அந்த ஊரில் யாரையும் தெரியாது, யாரும் அவனோடு பேசுவதுமில்லை. விரலை இழுக்காமலிருக்க அவனுக்கு எதுவும் கற்பிக்க வேண்டியதில்லை என்று நான் சொன்னது சரிதானா? பயத்தை அடக்குவதும் ஒரு பயிற்சியல்லவா? விலகியிருத்தலுக்கும் ஒரு கருவி வேண்டும்போலும். சுட்டதை மன்னிக்க நான் இதைச் சொல்லவில்லை. சுட்ட பின் விபத்து என்று சொன்னதற்குப் பயம் காரணமேயல்ல. நான் சற்று முன்னர் கிழித்த கோடு அவ்வளவு நேராக இல்லை என்பதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

துணை என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளுண்டு. அதை நம் சமூகம் மறக்கக்கூடாது. 1990 ஜூன் மாதம் கிழக்கிலே பொலிஸ் நிலையங்களைப் புலிகள் சூழ்ந்தபோது, ஆயுதங்களைக் கீழே வைத்துச் சரணடையும்படி கொழும்பிலிருந்து உத்தரவு வந்தது. உத்தரவை மதித்தவர்களில் அறுநூறு பேர் வரை கொண்டுபோய்க் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலும் சிங்களவரும் முஸ்லிம்களும். அவர்களிடம் துப்பாக்கி இருந்தது. துணை இருக்கவில்லை. 2018 நவம்பர் 30 அதிகாலையில் மட்டக்களப்பு வவுணதீவு வீதித் தடையில் நின்ற இரு கான்ஸ்டபிள்கள் கொல்லப்பட்டார்கள். ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர். முன்னாள் போராளி ஒருவரைப் பிடித்து அடைத்தார்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகே அது ஸஹ்ரானின் கூட்டத்தார் செய்தது என்று தெரிந்தது. அந்த ஆளைப் பற்றிக் காத்தான்குடி முஸ்லிம்கள் முன்னமே பொலிஸில் முறையிட்டிருந்தார்கள். ஏப்ரல் 4ஆம் திகதியே வெளிநாட்டு எச்சரிக்கையும் வந்தது. எச்சரிக்கையை வைத்துக்கொண்டு பேசாமலிருந்தவர்கள் மேலே இருந்தவர்கள். 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதிக்குப் பத்துக் கோடி ரூபாவும், அன்றைய பொலிஸ் மா அதிபருக்கு ஏழரைக் கோடியும் நட்டஈடாக விதித்தது. வீதித் தடையில் நின்று செத்த பிள்ளைகளின் கணக்கு அதில் அடங்காது.

அளுத்கமையில் 2014இலும் திகனையில் 2018இலும் பொலிஸார் நிற்கவே நம் கடைகள் எரிந்தன. அதையும் மறக்கவில்லை. ஆனால் அதைச் சொல்லத் தொடங்கினால் இந்தக் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

நல்லூரைப் பற்றிச் சொல்லாமல் யாழ்ப்பாணத்துப் பொலிஸைப் பற்றி எழுத முடியாது. 2017 ஜூலை 22, சனிக்கிழமை மாலை. மேல் நீதிமன்ற நீதிபதி மா. இளஞ்செழியனின் வாகனம் கோவிலுக்குப் பின்புற வீதியில் நின்றபோது, அவருடைய மெய்ப்பாதுகாவலர் சார்ஜன்ட் சரத் ஹேமச்சந்திரவின் துப்பாக்கியை ஒருவன் பறித்து அவரையே சுட்டான். சிலாபத்தைச் சேர்ந்த சிங்களவர். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஒரு தமிழ் நீதிபதியின் நிழலாக இருந்தவர். மறுநாள் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் இறந்தார். மறுநாள் என்பது ஜூலை 23. அந்தத் திகதி தமிழருக்கு எதை நினைவூட்டும் என்பதை விளக்க வேண்டியதில்லை. நீதிபதி அந்த மனிதரின் மனைவியின் முன்னால் மண்டியிட்டு அழுத காட்சியை நாடே பார்த்தது. எங்கள் ஊர்ச் சந்தியிலே பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த ஒரு கிழவர், பொலிஸ் என்றாலே துப்புகிறவர், அன்று பேப்பரை மடித்து மடியில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். யாழ்ப்பாணத்தில் ஒரு பொலிஸ்காரருக்காக வெள்ளைக்கொடி கட்டுவார்கள் என்று அதற்கு முன் நான் நினைத்ததில்லை.

ஒரே ஊர், ஒரே உடை. குளப்பிட்டிக்கும் நல்லூருக்கும் இடையில் ஒன்பது மாதம். என்ன வித்தியாசம்? நல்லூரில் நின்றவர் தான் காப்பது யாரை என்று அறிந்திருந்தார். அந்த நீதிபதியும் அவரை அறிந்திருந்தார். இது எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் வாங்கக்கூடிய கருவியல்ல.

இங்கே பந்து எங்கள் பக்கம் வருகிறது. எங்களை அறிந்த பொலிஸ் வேண்டுமானால் எங்கள் பிள்ளைகள் அதில் இருக்கவேண்டும். நாங்கள் அனுப்புகிறோமா?

வட அயர்லாந்தில் இதே சிக்கல் இருந்தது. பொலிஸில் கத்தோலிக்கர் நூற்றுக்கு எட்டுப் பேர்தான். 1999இல் பற்றன் ஆணைக்குழு சொன்னபடி, 2001இல் படையின் பெயரையே மாற்றிப் பாதிக்குப் பாதி கத்தோலிக்கரைச் சேர்த்தார்கள். பத்து வருடத்தில் நூற்றுக்கு முப்பதுக்கு அண்மையாக வந்தது. சும்மா வரவில்லை. சேர்ந்த பிள்ளைகளைத் துரோகி என்றார்கள். 2011 ஏப்ரலில் ஓமா நகரில் ரோனன் கெர் என்ற கத்தோலிக்கக் கான்ஸ்டபிளைக் காருக்குக் கீழே குண்டு வைத்துக் கொன்றார்கள். வயது இருபத்தைந்து. அவருடைய தாய், இதற்குப் பயந்து கத்தோலிக்கப் பிள்ளைகள் பொலிஸில் சேராமல் விடக்கூடாது என்று கேட்டுக்கொண்டா. மகனை இழந்து ஓரிரு நாளே ஆகியிருந்த தாய்!

எனக்கு அந்தத் தாயை நினைக்கும்போது இன்னொரு தாய் முன்னால் வந்து நிற்கிறா.

இந்த வருடம் தைப்பொங்கல் விடுமுறை முடிந்த வாரம், என்னிடம் முன்பு படித்த ஒரு பிள்ளை நற்சான்றிதழ் கேட்டு வந்தான். "எதுக்கடா?" என்றேன். "பொலிஸுக்குப் போடப் போறன் சேர்." கெட்டிக்காரனல்ல, ஆனால் மற்றவன் பேசும்போது இடையில் குறுக்கிடாத பிள்ளை. வகுப்பிலே அது அபூர்வம். உடனே எழுதிக்கொடுத்திருக்கலாம். நாளைக்கு வா என்றேன். அன்று பின்னேரமே தாய் வந்துவிட்டா. அவவின் தம்பி 1996இல் சோதனைச் சாவடியொன்றில் இறக்கப்பட்டவர், திரும்பவில்லை. அவ கத்தவில்லை, அழவில்லை. "மாஸ்டர், காக்கிச் சட்டையைத் தோய்ச்சு என்ர வீட்டுக் கொடியில காயப்போட என்னால ஏலாது" என்றா. அதற்கு நான் என்ன பதில் சொல்வது? தமிழ்ப் பிள்ளைகள் பொலிஸில் சேரவேண்டும் என்று ஒரு முஸ்லிம் வாத்தியார் அந்தத் தாய்க்கு உபதேசம் செய்வதா? நான் நிலையத்துக்குப் போய் மொழிபெயர்ப்பதையே "சோனக மாஸ்டருக்குப் பொலிஸோட பழக்கம்" என்று சொல்பவர்கள் ஊரில் உண்டு. என் இரு பிள்ளைகளில் ஒருவன் நாளைக்கு இதையே கேட்டால் நான் சம்மதிப்பேனா என்பதை அன்றிரவு இஷாத் தொழுதுவிட்டு வெகுநேரம் யோசித்தேன். சம்மதிப்பேன் என்று என் மனம் தெளிவாகச் சொல்லவில்லை.

இருந்தும் எழுதினேன். நற்சான்றிதழில் வழக்கமாக எழுதும் நேர்மை, ஒழுக்கம், நன்னடத்தை எல்லாவற்றோடும், பிறர் சொல்வதை முழுமையாகக் கேட்கும் பழக்கமுள்ளவர் என்று ஒரு வரி சேர்த்தேன். விண்ணப்பத்தைப் பார்ப்பவருக்கு அது விசித்திரமாக இருக்கலாம். அவன் வாங்கிக்கொண்டு, "சேர், எனக்குச் சிங்களம் சொல்லித் தருவீங்களோ?" என்று கேட்டான். இப்போது கிழமையில் இரண்டு நாள் வருகிறான்.

போன வாரம் தாயைச் சந்தையில் கண்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போகாமல் நின்றா. கொஞ்சநேரம் வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்துவிட்டு, "எடுபட்டால் இவனை எங்கை மாஸ்டர் போடுவாங்கள்?" என்று கேட்டா. நாட்டில் எங்கேயும் போடலாம், மொனராகலையிலும் போடலாம் என்றேன்.

"அங்கை இவன்ர கதை ஆருக்கு விளங்கும்?"